அன்பு இல்லாத அகராதி

என்னுடைய பழைய கைப்பேசியில் இருந்த ஜப்பானிய அகராதியில் ஒருநாள் 'அன்பு' என்ற சொல் இல்லாமல் போயிற்று. 'கடன்' இருந்தது, 'வெள்ளம்' இருந்தது, 'மாமியார்' இருந்தார். அன்பைக் குறிக்கும், 'அய்' என்று ஒலிக்கும் ஒற்றை எழுத்தை இட்டுத் தேடினால் மட்டும், இரண்டு நொடி யோசித்துவிட்டு, அப்படியொரு சொல் கிடையாது என்றது திரை. அதே அகராதிக் கோப்பைக் கணினியில் திறந்து பார்த்தேன். சொல் தன் இடத்தில் பத்திரமாக இருந்தது. பொருளும் இருந்தது. கைப்பேசியின் கண்ணுக்கு மட்டும் அது படவில்லை.

2007இல் வாங்கிய கைப்பேசி அது. சிம்பியன் இயங்குதளம், எண் பொத்தான்கள், இரண்டு அங்குலத் திரை. இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்காத நண்பர் இல்லை. அதில் இணையம் ஒழுங்காக வராது என்பதே அதன் சிறப்பு என்று சொல்லிச் சமாளிப்பேன். 1997இல் தொடங்கப்பட்ட 'அவோஸோரா புன்கோ' என்ற இணைய நூலகத்தில் காப்புரிமைக் காலம் முடிந்த ஜப்பானியப் படைப்புகள் எளிய உரைக்கோப்புகளாகக் கிடைக்கின்றன. 'நீலவானத் தொகுப்பு' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். அங்கிருந்து ஒரு சிறுகதையை இறக்கி, கைப்பேசியில் ஏற்றி, தெரியாத சொல் வரும்போது அகராதிக்குள் போய் மீள்வது என் மாலை நேரப் பழக்கம். ஆகவே அன்பு காணாமல் போனது எனக்கு உண்மையான இடைஞ்சல்தான். பழுதைத் தேடிப் போனேன். போன வழியில் 1716, 1945, 1978 என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆண்டுகள் எதிர்ப்பட்டன. அவை எல்லாம் அந்தச் சின்னஞ்சிறு கருவிக்குள் குடியிருக்கின்றன என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முதலில் அந்த அகராதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் மின்னகராதிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. இவானாமி நிறுவனத்தின் புகழ்பெற்ற 'கோஜியென்' அகராதி 1987இலேயே குறுந்தகட்டில் வந்துவிட்டது. 1990இல் சோனி நிறுவனம் 8 சென்டிமீட்டர் வட்டில் அகராதிகளைப் போட்டு, கையில் ஏந்திப் படிக்கும் 'டேட்டா டிஸ்க்மேன்' கருவியை விற்றது. ஆனால் இவை ஜப்பானியருக்காகச் செய்யப்பட்டவை. ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஜப்பானியப் பொருள் கான்ஜி எழுத்துகளில் இருக்கும்; அதை எப்படி உச்சரிப்பது என்று போட்டிருக்காது. சீனத்திலிருந்து வந்த அந்த எழுத்துகளின் ஒலி, அந்நாட்டில் பள்ளிக்கூடம் போனவருக்குத் தெரியும் என்ற எண்ணம். வெளியிலிருந்து மொழிக்குள் நுழைய முயல்பவனுக்கு அந்த அகராதிகள் பூட்டிய வீட்டின் சன்னல் மாதிரி. உள்ளே எல்லாம் இருப்பது தெரியும், அவ்வளவுதான்.

இந்தக் குறையை நிரப்பியது பதிப்பகம் எதுவும் அல்ல. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் பிரீன் 1991இல் ஒரு சொற்பட்டியலைத் தொகுக்கத் தொடங்கினார். அதன் பெயர் 'எடிக்ட்'. ஒரு வரிக்கு ஒரு சொல்: முதலில் கான்ஜி வடிவம், அடுத்து அடைப்புக்குறிக்குள் கானா எழுத்தில் உச்சரிப்பு, அதன்பின் சாய்கோடுகளுக்கு இடையே ஆங்கிலப் பொருள்கள். இவ்வளவுதான் அதன் கட்டமைப்பு. எந்த உரைத்தொகுப்பானிலும் திறக்கலாம், எவரும் படியெடுக்கலாம். உலகின் பல மூலைகளிலிருந்து ஜப்பானியம் கற்பவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் மின்னஞ்சலில் சொற்களை அனுப்பினார்கள், பட்டியல் வளர்ந்தது. 1999இல் அது 'ஜேஎம்டிக்ட்' என்ற விரிவான வடிவத்தைப் பெற்றது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் உள்ளன.

டாஸ், யூனிக்ஸ், பாம், சிம்பியன், அதன்பின் தொடுதிரைக் கைப்பேசிகள் என்று கருவிகள் மாறிக்கொண்டே இருந்தன. அந்தந்தக் கருவிக்கென்று விலைக்கு வாங்கிய அகராதிகள் கருவியோடு உடன்கட்டை ஏறின. பல அகராதிகளின் உரிமம் கைப்பேசியின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டிருந்ததால், காசு கொடுத்தவரே வேறொரு கைப்பேசிக்கு அதை எடுத்துச்செல்ல முடியாது. சாய்கோடு போட்ட அந்த எளிய பட்டியலோ ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எழுதிய சிறு நிரலின் முதுகில் ஏறி அடுத்த கரைக்குப் போய்விட்டது. என் கைப்பேசியில் இருந்ததும் அதுதான். அதை ஏற்றியவன் நானே. எனவே பழுதுக்கான பழியை வேறெவர் மேலும் போட வழியில்லை.

*

அன்பு தொலைவதற்கு முன்பே இரண்டு பழுதுகள் வந்து போயிருந்தன. முதலாவது, எல்லோருக்கும் வருவது. அகராதியைத் திறந்தவுடன் "நினைவகம் நிறைந்துவிட்டது, சில நிரல்களை மூடவும்" என்ற அறிவிப்பு. நினைவட்டையில் ஒரு கிகாபைட் காலியாகக் கிடக்கிறது. அகராதிக் கோப்போ சில மெகாபைட். பிறகு எது நிறைந்தது?

அலமாரிக்கும் மேசைக்கும் உள்ள வேறுபாடு இது. நினைவட்டை என்பது அலமாரி. எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் அடுக்கலாம். நிரல் வேலை செய்வது தற்காலிக நினைவகம் என்ற மேசையின் மேல். சிம்பியனில், நிரலை எழுதியவர் வெளிப்படையாகக் கேட்டு வாங்காவிட்டால், ஒரு நிரலுக்குக் கிடைக்கும் மேசைப் பரப்பின் உச்சவரம்பு 1 மெகாபைட். நான் முதலில் பயன்படுத்திய நிரல், அகராதியின் சொல்லடைவு முழுவதையும் மேசையில் விரித்துவைக்கப் பார்த்தது.

அந்தச் சொல்லடைவின் அளவைக் கணக்கிட்டால் பழுது புரிந்துவிடும். பரவலாகப் புழங்கிய 'ஸ்டார்டிக்ட்' என்ற அகராதி வடிவத்தில், ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் அந்தச் சொல்லின் எழுத்துகள், முடிந்தது என்பதற்கு ஒரு பைட், பொருள் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்கு 4 பைட், பொருளின் நீளத்துக்கு 4 பைட் தேவை. யூடிஎஃப்-8 முறையில் ஒரு ஜப்பானிய எழுத்துக்கு 3 பைட். (தமிழுக்கும் அப்படித்தான். 'தமிழ்' என்று எழுத 15 பைட். அதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு 5 போதும்.) நான்கெழுத்துச் சொல் ஒன்றுக்கு 12, 1, 4, 4 என 21 பைட். என் கோப்பில் கான்ஜி வடிவமும் உச்சரிப்பும் தனித்தனித் தலைச்சொற்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தன. ஆக, பொருள்களைத் தொடாமலேயே, சொல்லடைவுக்கு மட்டும் 42 லட்சம் பைட். மேசையைப் போல நான்கு மடங்கு.

இதற்கான தீர்வை அச்சு அகராதிக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தடித்த அகராதியில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்தப் பக்கத்து முதற்சொல்லை அச்சிட்டிருப்பார்கள். நாம் பக்கங்களைப் படிப்பதில்லை, தலைகளை மட்டும் பார்த்துக்கொண்டு புரட்டுகிறோம். கணினியிலும் அதேதான். 32 சொற்களை ஒரு 'பக்கம்' என்று வைத்துக்கொண்டு, பக்கத்தலைச் சொல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை மட்டும் மேசையில் வைத்திருந்தால் போதும்; மிச்சத்தை அலமாரியிலிருந்து தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜாவா கைப்பேசிகளுக்காக எழுதப்பட்ட 'டிக்‌ஷனரி ஃபார் மிட்ஸ்' என்ற இலவச நிரல் இன்னும் ஒருபடி மேலே போய், அகராதியையே நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாக வெட்டி, ஒவ்வொரு கோப்பின் முதற்சொல்லையும் தனிப்பட்டியலில் வைத்தது. சிக்கனம் கைப்பேசிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஜப்பானில் டோகோமோ நிறுவனம் 2001 ஜனவரியில் கைப்பேசியில் ஜாவா நிரல்களை அனுமதித்தபோது, ஒரு நிரலின் அளவு 10 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது. அதற்குள் அகராதியை அடைப்பது, கிணற்றை உழக்கில் அளந்து வீட்டுக்குக் கொண்டுபோவது போன்ற காரியம்.

பொருள்கள் இருக்கும் பெரிய கோப்பைச் சுருக்கி வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமான முறையில் சுருக்கிய கோப்பின் நடுவிலிருந்து ஒரு வரி வேண்டுமென்றால், தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் விரித்துக்கொண்டே வர வேண்டும். 1990களில் இணையவழி அகராதிச் சேவையகங்களுக்காக உருவான 'டிக்ட்சிப்' முறையில், கோப்பை ஏறத்தாழ 57 கிலோபைட் துண்டுகளாக வெட்டித் தனித்தனியே சுருக்குவார்கள். கேட்ட சொல்லின் பொருள் எந்தத் துண்டில் இருக்கிறதோ அதை மட்டும் விரித்தால் போதும். சேவையகத்துக்காகச் செய்தது கைப்பேசியின் சிறிய மேசைக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இப்படிப்பட்ட வேறொரு நிரலுக்கு மாறியதும் அறிவிப்பு நின்றது.

இரண்டாவது பழுது கட்டங்கள்.

தமிழ் வலைப்பதிவுகளை 2000களில் கைப்பேசியில் படிக்க முயன்றவர்களுக்குக் கட்டங்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எழுத்து இருக்கிறது, அதற்கான வடிவம் கருவியிடம் இல்லை என்பதன் அடையாளம் அது. அன்று பலர் ஓப்பரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகத் தரும்படி மாற்றிக்கொண்டார்கள். எங்கோ இருக்கும் சேவையகம் தமிழ் வரியைப் படமாக்கி அனுப்பும்; நாம் எழுத்தென்று எண்ணி ஓவியத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். ஜப்பானிய மின்னகராதிகள் இதே உத்தியை அதற்கும் முன்பே கையாண்டன. தரப்பட்டியலில் இடம்பெறாத அரிய எழுத்துகளை 'கைஜி', அதாவது புற எழுத்து என்பார்கள். அகராதிக்குள்ளேயே அவற்றைச் சிறு புள்ளிப்படங்களாக வைத்துவிடுவார்கள். அந்த அகராதியை வேறொரு நிரலில் திறந்தால் கைஜி இருந்த இடங்கள் மட்டும் வெறுமையாக இருக்கும், அல்லது இரண்டு தடித்த கோடுகள் தெரியும். அந்தக் கோட்டுக் குறிக்கு 'கெதா' என்று பெயர். அச்சுக்கோப்பவர் தம்மிடம் இல்லாத எழுத்துக்குப் பதிலாக ஏதோ ஓர் அச்செழுத்தைத் தலைகீழாகச் செருகிவைப்பார். அதன் அடிப்பக்கம் காகிதத்தில் பதிந்தால், மரச்செருப்பின் தடம்போல் இருக்கும். மரச்செருப்புக்கு ஜப்பானிய மொழியில் கெதா என்றுதான் பெயர்.

கட்டங்களை நீக்க எழுத்துரு வேண்டும். 1978இல் முதலில் வெளிவந்து பிறகு திருத்தப்பட்ட ஜப்பானியத் தரப்பட்டியலில் இன்று 6,879 எழுத்துகள் உள்ளன. ஒவ்வொன்றையும் 16க்கு 16 புள்ளிகளில் வரைந்தால் ஓர் எழுத்துக்கு 32 பைட் வீதம், மொத்தம் 2,20,128 பைட். வளைகோடுகளாக வரைந்த எழுத்துரு என்றால் பல மெகாபைட். ஜப்பானுக்கு வெளியே விற்ற கைப்பேசிகளில் இதைச் சேர்க்காததற்குக் கஞ்சத்தனம் மட்டும் காரணமல்ல என்பது இந்தக் கணக்கில் தெரியும். நான் எழுத்துருக் கோப்பின் பெயரைக் கைப்பேசியின் சொந்த எழுத்துருவின் பெயருக்கு மாற்றி, நினைவட்டையில் அதற்குரிய அடைவில் வைத்து, கைப்பேசியை அணைத்துப் போட்டேன். அது தன் முகப்புச் சின்னத்தோடு உறைந்து நின்றுவிட்டது. அட்டையைக் கழற்றியதும் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்தது. அட்டையில் செய்த தவறுக்கு இந்த ஒரு நன்மை உண்டு, கழற்றிவிடலாம். இரண்டாம் முறை, அரிய எழுத்துகளை நீக்கிய சிறிய எழுத்துருவைப் போட்டேன். கட்டங்கள் கான்ஜிகளாயின.

எழுத்துரு என்பது அகராதிக்கு வெளியே இருக்கும் அலங்காரம் என்று நினைத்திருந்த எனக்கு, இங்கே மொரோஹாஷி தெட்சுஜியின் கதையைச் சொல்லாமல் கடந்து போக முடியவில்லை. ஏறத்தாழ ஐம்பதாயிரம் சீன எழுத்துகளுக்கு ஜப்பானிய மொழியில் விளக்கம் தரும் 'தாய் கான்வா ஜிதென்' பேரகராதியைத் தொகுத்தவர் அவர். முதல் தொகுதி 1943இல் வந்தது. 1945 பிப்ரவரியில் தோக்கியோமீது நடந்த வான்தாக்குதலில் அகராதியின் அச்சுத்தகடுகள் எரிந்து அழிந்தன. பல்லாண்டு உழைப்பு ஓர் இரவில் போயிற்று. எஞ்சியவை பாதுகாப்பாக வேறிடங்களில் வைத்திருந்த திருத்தப்படிகள். போருக்குப் பிறகு மீண்டும் தொடங்கியபோது மொரோஹாஷியின் பார்வை பெரிதும் பழுதுபட்டிருந்தது. சொற்கள் கையில் இருந்தன, அவற்றை அச்சிட எழுத்துகள் இல்லை. அத்தனை ஆயிரம் அச்செழுத்துகளை மறுபடியும் மரத்தில் செதுக்க ஆளும் கிடையாது. ஒளியச்சுக் கோப்பில் முன்னோடியான இஷீ மோகிச்சி அந்த எழுத்துகள் அனைத்தையும் புதிதாக வரைந்து கொடுத்தார். 1955 முதல் 1960 வரை பதின்மூன்று தொகுதிகள் வெளிவந்தன. மொரோஹாஷிக்கும் கட்டங்கள்தான் பிரச்சினை. அவருடைய கட்டங்கள் ஐம்பதாயிரம். இந்த மனிதர் இன்னொரு முறையும் வருவார்.

*

இனி அன்பு.

ஒரு சொல் இருக்கிறதா என்று கைப்பேசி எப்படித் தேடுகிறது? பட்டியலின் நடுவில் உள்ள சொல்லைப் பார்க்கிறது. தேடும் சொல் அதற்கு முன்னால் வருமென்றால் இடப்பாதி, பின்னால் வருமென்றால் வலப்பாதி. மற்ற பாதியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எடுத்துக்கொண்ட பாதியின் நடுவை மறுபடி பார்க்கிறது. இரண்டு லட்சம் சொற்களுக்கு இப்படிப் பதினெட்டு முறை பாதியாக்கினால் போதும். அகராதியில் சொல் தேடும் எவரும் இதைத்தான் கையால் செய்கிறோம் என்றாலும், கணினிக்கான முறையாக இதை 1946இல் ஜான் மாக்லி தம் சொற்பொழிவில் குறிப்பிட்டார். எல்லா நீளப் பட்டியல்களுக்கும் சரியாக வேலை செய்யும் வடிவம் அச்சில் வர 1960 ஆயிற்று. பார்க்க எளிமையாகத் தெரியும் பொருள்களின் குணம் அப்படி.

இந்தத் தேடலுக்கு ஒரே ஒரு நிபந்தனை, பட்டியல் வரிசையில் இருக்க வேண்டும். எந்த வரிசை என்று கேட்கும்போதுதான் ஜப்பானிய மொழி தன் கைவரிசையைக் காட்டுகிறது.

தமிழில் அகரம் முதல் என்று தொல்காப்பியத்திலேயே தீர்ந்துபோன விஷயம் இது. ஆயிரக்கணக்கான கான்ஜிகளுக்கு எது முதல்? கி.பி. 100இல் சீனத்தில் ஷூ ஷென் நிறைவுசெய்த 'ஷுவோவென் ஜியேட்சு' ஒரு விடை சொன்னது. எழுத்துகளுக்குள் திரும்பத் திரும்ப வரும் மூல உறுப்புகளைப் பிரித்தெடுத்து, 540 குடும்பங்களாக 9,353 எழுத்துகளை அவர் அடுக்கினார். 1615இல் மெய் யிங்ட்சுவோ தம் 'ட்சிஹுய்' அகராதியில் அந்த 540ஐ 214 ஆகக் குறைத்து, உறுப்புகளையும் எழுத்துகளையும் கோடுகளின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினார். காங்ஷி பேரரசரின் ஆணைப்படி 1716இல் முடிந்த அகராதி அந்த 214ஐ அப்படியே ஏற்றுக்கொண்டு 47,035 எழுத்துகளை அதில் அடக்கியது. அதன் பிறகு அதுவே நியதியாகிவிட்டது. அந்த வரிசையில் முதல் எழுத்து 'ஒன்று' என்று பொருள்படும் ஒற்றைக் கிடைக்கோடு. அன்பு என்ற எழுத்துக்குள் 'இதயம்' ஓர் உறுப்பு. இதயத்தின் இடம் 214இல் அறுபத்தொன்று.

1978இல் ஜப்பானியர் கணினிக்கான தரப்பட்டியலை வகுத்தபோது வேறு வழியில் போனார்கள். அடிக்கடி புழங்கும் 2,965 கான்ஜிகளை முதல்நிலை என்று பிரித்து, அவற்றை உச்சரிப்பின் வரிசையில், அதாவது அ, இ, உ, எ, ஒ என்று போகும் தங்கள் அகர வரிசையில் அடுக்கினார்கள். அருகி வழங்கும் எழுத்துகளை இரண்டாம் நிலையாக்கி (1990 திருத்தத்தின்படி அவை 3,390), அவற்றை மட்டும் காங்ஷி வழியில் மூல உறுப்புப்படி அடுக்கினார்கள். தெரிந்த எழுத்தை ஒலியால் தேடலாம், தெரியாத எழுத்துக்கு ஒலி தெரியாதே, உருவத்தால்தானே தேட முடியும் என்ற நடைமுறை அறிவு அது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அந்த வரிசையில் முதல் கான்ஜி 'அ' என்று ஒலிப்பது. 'அய்' என்று ஒலிக்கும் அன்பு, ஆறாவது எழுத்து.

யூனிகோடு வந்தபோது சீனம், ஜப்பான், கொரியா மூன்றுக்கும் பொதுவாக ஒரு வரிசை தேவைப்பட்டது. ஒரு நாட்டின் ஒலி இன்னொரு நாட்டுக்குப் பொருந்தாது. எனவே மறுபடியும் காங்ஷி. 1992இல் முடிவான முதல் தொகுதியில் 20,902 எழுத்துகளும் காங்ஷி அகராதியின் வரிசையில் நின்றன. காங்ஷியில் இல்லாத எழுத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, அடுத்தபடியாகப் பார்க்க வேண்டிய அகராதி என்று அவர்கள் ஏற்றுக்கொண்டது மொரோஹாஷியின் பேரகராதியை. தகடுகள் எரிந்துபோன அந்த அகராதி, இன்று உலகிலுள்ள ஒவ்வொரு கைப்பேசிக்குள்ளும் சில எழுத்துகளுக்கு இருக்கை காட்டிக்கொண்டிருக்கிறது.

என் தவறு இப்போது வெளிச்சத்துக்கு வந்தது. எடிக்ட் கோப்பு யூனிக்ஸ் உலகின் பழைய ஜப்பானியக் குறியேற்றத்தில் இருந்தது. அதன் சொல்லடைவும் அந்த 1978ஆம் ஆண்டு வரிசையில் இருந்தது. கைப்பேசி நிரலுக்கு யூடிஎஃப்-8 வேண்டும். நான் எழுத்துகளை எல்லாம் புதிய குறியேற்றத்துக்கு மாற்றினேன், இடங்களையும் நீளங்களையும் பொறுப்பாகத் திருத்தினேன், வரிசையை மட்டும் தொடவில்லை. குடும்பத்தை ஊர்மாற்றிவிட்டுப் பழைய கதவிலக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்ததற்குச் சமம்.

கைப்பேசி காங்ஷி வரிசையை நம்பித் தேடியது. பட்டியலோ ஒலி வரிசையில் நின்றது. கான்ஜிப் பகுதிக்குள் நுழைந்தபின் நடுவில் எதிர்ப்படும் சொல் 'நீர்' உறுப்பில் தொடங்கினால், நீரின் எண் 85, இதயம் அதற்கு முன் என்று இடப்பக்கம் திரும்பும். சரியான திருப்பம். 'ஆள்' உறுப்பில் தொடங்கும் சொல் எதிர்ப்பட்டால், ஆளின் எண் 9, இதயம் அதற்குப் பின் என்று வலப்பக்கம் போய்விடும். அன்போ பட்டியலின் தொடக்கத்தில் ஆறாவது எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. அதை அடைய, கான்ஜிப் பகுதியில் ஏறக்குறைய எல்லாத் திருப்பங்களிலும் இடப்பக்கமே போக வேண்டும். ஒரே ஓர் ஆள் குறுக்கே வந்தால் போதும், தீர்ந்தது. 'கடன்', 'வெள்ளம்', 'மாமியார்' எல்லாம் கிடைத்தது குருட்டு அதிர்ஷ்டம்.

உண்மையில் துப்பு முதலிலேயே கையில் இருந்தது. கானா எழுத்தில் இட்டுத் தேடிய சொல் ஒன்றுகூடத் தவறியதில்லை. கானாவின் வரிசை இரண்டு பட்டியல்களிலும் ஒன்றுதான், இரண்டிலும் அது கான்ஜிகளுக்கு முன்னால்தான் நிற்கிறது. கான்ஜிச் சொற்கள் மட்டும் தவறுகின்றன என்பதைக் கவனித்திருந்தால், எழுத்துருவையும் நினைவட்டையையும் சந்தேகித்து ஒரு வாரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. யூனிகோட்டில் 'ந'வை அடுத்து 'ன' நிற்கிறது, 'ர'வை அடுத்து 'ற'. 'ழ' வருவது 'ள'வுக்குப் பின்னால், 'வ'வுக்கு முன்னால். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த ஓர் அட்டவணையின் அச்சு அது. நம் நெடுங்கணக்கின்படி ற, ன இரண்டும் மெய்களின் கடைசியில் வர வேண்டியவை. எழுத்தெண்ணை மட்டும் நம்பி ஒரு தமிழ்ச் சொற்பட்டியலை வரிசைப்படுத்தினால் அச்சு அகராதியின் வரிசை வராது. ஒரு வரிசையில் அடுக்கி மறு வரிசையில் தேடும் நிரலில் தமிழ்ச் சொற்களும் இப்படியே காணாமல் போகும்.

இன்னொரு வகைக் 'காணவில்லை'யும் உண்டு, அதைப் பழுது என்று சொல்ல முடியாது. கதையில் 'தபெமஷிதா' என்று வரும், அகராதியில் 'தபெரு' என்றுதான் இருக்கும். 'உண்டார்' என்பதை 'உண்' என்ற இடத்தில் தேட வேண்டும் என்பது தமிழ் வாசகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய சங்கதியல்ல. ஜிம் பிரீன் யூனிக்ஸுக்காக எழுதிய தேடல் நிரலில் வினைமுற்று விகுதிகளை நீக்கி வேர்வடிவத்தை ஊகிக்கும் ஒரு சிறு பட்டியல் இருந்தது. என் கைப்பேசி நிரலில் அது இல்லை. நானே மனத்தில் செய்துகொண்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை, என் ஜப்பானிய இலக்கணம் ஓரளவு தேறியதே அதனால்தான்.

சொல்லடைவைக் கணினியில் புதிய வரிசைப்படி அடுக்கச் சில நொடிகள் ஆயின. கோப்பை மறுபடி நினைவட்டையில் வைத்துத் திறந்தபோது, நிரல் தன் பழைய பதிவை நினைவில் வைத்துக்கொண்டு அடம்பிடித்தது. அதை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவப் பார்த்தேன். நிறுவ மறுத்தது: சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாம். அந்தத் தலைமுறைச் சிம்பியன் கைப்பேசிகள் கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே ஏற்கும். கையொப்பத்துக்கு ஆயுள் உண்டு. நிரலை எழுதியவரின் இணையப்பக்கம் மறைந்துவிட்டது. 2014 ஜனவரி முதல் நோக்கியாவின் கடையும் சிம்பியனுக்கான புதிய நிரல்களையும் மேம்பாடுகளையும் ஏற்பதை நிறுத்திவிட்டது. புதுக் கையொப்பம் கேட்க ஓர் இடமும் இல்லை.

இதற்கு அந்தக் காலத்துக் கைப்பேசிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த மருந்து ஒன்று உண்டு. நாட்காட்டியைச் சான்றிதழ் உயிரோடிருந்த ஒரு தேதிக்குத் தள்ளிவைத்தேன். 2009 மார்ச். நிரல் மறுபேச்சின்றி ஏறிக்கொண்டது. 'அய்' என்று இட்டேன். அன்பு, பாசம், பரிவு என்று மூன்று வரிகளில் விரிந்தது.

நிறுவி முடித்தபின் தேதியைத் திருப்பி வைத்துவிடலாம். சான்றிதழை நிறுவும்போது மட்டும்தான் சரிபார்ப்பார்கள். நான் மறந்துவிட்டேன். அதற்குப்பின் படித்த கதைகளுக்குக் கைப்பேசியில் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம் 2009ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் எழுதப்பட்டவையாக வரிசையில் நிற்கின்றன.